டைல்ஸ் போட்ட போர்டிகோவில் பிளாஸ்டிக் ராம்ப்: வழுக்காமல் வண்டியை ஏற்றுவது எப்படி?

பாமணிக்கரை (மன்னார்குடி) | மார்ச் 9, காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2017 டிசையர், பெட்ரோல். போன வாரம் கோட்டூர் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சாலையில் அரை கிலோமீட்டருக்கு உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். ஒதுங்க இடமில்லை, மேலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து வண்டிக்கு அடியில் சரசரவென்று ஒரு சத்தம். நின்றால் லேசாகக் கருகல் வாடை.

அடியில் படுத்துப் பார்க்கலாம் என்று, முன்பே ஆன்லைனில் வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் ராம்ப் ஜோடியை (முன் சக்கரங்களை ஏற்றி வண்டியின் மூக்கைத் தூக்கும் சரிவு மேடைகள்) நேற்று எடுத்தேன். போர்டிகோவில் வழவழப்பான டைல்ஸ். டயர் ராம்பின் நுனியைத் தொட்டதும் இடது பக்க ராம்ப் சர்ரென்று முன்னால் ஓடிப்போய்த் துளசி மாடத்தில் இடித்தது. மாடத்தின் மூலை பெயர்ந்துவிட்டது. வண்டிக்கு ஒன்றும் இல்லை. அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

பெட்டியில் ஜோடிக்கு 12,000 பவுண்டு என்று போட்டிருக்கிறது. இருந்தாலும் பிளாஸ்டிக்தானே என்று பயமாக இருக்கிறது. திருப்பி அனுப்பிவிட்டு இரும்பு ராம்ப் வாங்கவா?

---

14-ம் நம்பர் ஸ்பேனர் (தஞ்சாவூர்) | மார்ச் 9, காலை 8:15

தம்பி, ராம்ப் கதை அப்புறம். முதலில் அந்தக் கருகல் வாடை. உளுந்துக்கொடி டிரைவ் ஷாஃப்ட்டில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) சுற்றியிருக்கும், சைலன்சர் பக்கமும் கொஞ்சம் சிக்கியிருக்கும். காய்ந்த சருகு சூடான சைலன்சரில் பட்டால் பற்றிக்கொள்ளும். அதை எடுக்கும்வரை வண்டியைத் தெருவுக்கு எடுக்க வேண்டாம். மாசி, பங்குனியில் என் பட்டறைக்கு வாரம் ஒன்றாவது இப்படி வருகிறது.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்து, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது ராம்ப். 22 வருடமாக வேலை பார்க்கிறேன். பிளாஸ்டிக் ராம்ப் உடைந்து நான் பார்த்தது ஒரே தடவை, அதுவும் மூன்று வருடம் மொட்டை மாடி வெயிலில் கிடந்தது. ஓடிப்போன ராம்ப் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வழவழத் தரையில் வெறும் இரும்பு வைத்தாலும் ஓடத்தான் செய்யும். நீங்கள் ராம்பைச் சந்தேகப்படுகிறீர்கள், சந்தேகப்பட வேண்டியது தரையை.

போர்டிகோவுக்கு வாட்டம் எந்தப் பக்கம்? எவ்வளவு? பக்கத்தில் யார் நின்று பார்த்தார்கள்?

---

பாமணிக்கரை | மார்ச் 9, காலை 8:50

நன்றி அண்ணா. வண்டியை நிறுத்திவிட்டேன், இன்று ஆபீஸுக்கு பைக்தான். வாட்டம் தெருப் பக்கம். மழைத்தண்ணீர் வெளியே போக வேண்டும் என்று கொத்தனார் 10 அடிக்கு ஒரு அங்குலம் வைத்தார். யாரும் நிற்கவில்லை, தனியாகத்தான் ஏற்றினேன்.

---

கணக்குப்பிள்ளை (திருவாரூர்) | மார்ச் 9, மதியம் 1:05

முதலில் பலத்தைப் பார்ப்போம், அந்தப் பயம் போகட்டும். 12,000 பவுண்டு என்றால் சுமார் 5,440 கிலோ. அது பெரும்பாலும் வண்டியின் மொத்த எடைக்கான வரம்பு, ஒரு ராம்பின் தாங்குதிறன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் டிசையர் காலியாக 900 கிலோவுக்குள். எஞ்சின் முன்னால் இருப்பதால் அதில் ஏறத்தாழ 60 சதவீதம் முன் சக்கரங்களில். நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் ஒரு ராம்புக்கு 300 கிலோ பக்கம்தான் வரும். பலம் தாராளம்.

இனி ஏன் ஓடியது என்று பார்ப்போம். ராம்பின் எடை நாலைந்து கிலோ. டயர் நுனியைத் தொடும் நொடியில் வண்டியின் பாரம் இன்னும் தரையில்தான் இருக்கிறது, ராம்பின் மேல் ஏறவில்லை. ராம்பை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை. டயர் தரையைப் பிடித்துக்கொண்டு ராம்பைத் தள்ளுகிறது. அதுவும் தூசி படிந்த டைல்ஸ். ஓடாமல் என்ன செய்யும்?

டயர் முழுக்க ஏறிய பிறகு, உங்களுடையது முன் சக்கரத்தில் இழுக்கும் வண்டி என்பதால் நிலைமை மாறும். சக்கரம் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஏறுகிறது. மெதுவாக ஏற்றினால் ராம்பை முன்னாலும் பின்னாலும் தள்ளும் விசை கிட்டத்தட்ட ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் டயர் ராம்பைப் பின்னால் உதைக்கும். உச்சியில் பிரேக்கைச் சட்டென்று அழுத்தினால் முன்னால் தள்ளும். ஆக ஆபத்தான நேரங்கள் இரண்டு: நுனியைத் தொடும்போது, உச்சியில் நிறுத்தும்போது.

---

பொலீரோ பெரியப்பா (பாபநாசம்) | மார்ச் 9, மாலை 6:30

கணக்குப்பிள்ளை சார், அப்படியானால் என் பொலீரோ? பின் சக்கரம் தள்ளுகிற வண்டி. எனக்கு ராம்ப் பாதி ஏறின பிறகும் நகர்கிறது.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 9, மாலை 7:10

நகரத்தான் செய்யும் ஐயா. பின் சக்கரம் தள்ளும் வண்டிகளில் முன் சக்கரம் சும்மா உருளுவது மட்டும்தான். சரிவில் ஏறி முடியும்வரை ராம்பை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். சரிவு 17 டிகிரி என்றால் ராம்பின் மேல் இருக்கும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 30 கிலோ அளவுக்குக் கிடைமட்டத் தள்ளல். சொரசொரப்பான சிமெண்ட் தரை அதைத் தாங்கும். தூசி டைல்ஸில் கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு அந்தப் பிடிப்பு கிடைக்காமல் போகலாம். அம்பாசிடர், ஆம்னி, பழைய இன்னோவா எல்லாமே இந்த ரகம். உங்களுக்குக் கீழே ரப்பர் இல்லாமல் நடக்காது.

---

முப்போகம் (வலங்கைமான்) | மார்ச் 9, இரவு 9:20

எதற்கு இவ்வளவு வம்பு? போர்டிகோவில் நாலடிக் குழி ஒன்று வெட்டி, மேலே பலகை போட்டுவிட்டால் காலத்துக்கும் கவலை இல்லை. பழைய பட்டறைகளில் எல்லாம் குழிதானே.

---

பொலீரோ பெரியப்பா | மார்ச் 9, இரவு 9:45

தம்பி, நான் வெட்டிப் பார்த்தவன். ஜூன் 12 மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது, குழியில் ஊற்று எடுத்தது. ஐப்பசியில் அது குளம். தண்ணீர் வற்றின பிறகு ஒருநாள் பலகையைத் தூக்கினால் உள்ளே ஒரு சாரை. இப்போது அதில் மண் போட்டு வாழை வைத்திருக்கிறேன், நல்ல தார்.

---

14-ம் நம்பர் ஸ்பேனர் | மார்ச் 9, இரவு 10:00

பாம்பைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். ஒழுகினால் குழியில்தான் போய்த் தங்கும். எல்பிஜி வண்டிக்கும் அதே கதை. குழிக்குள் ஒரு பல்பு உடைந்தால் போதும். வீட்டில் குழி வேண்டாம்.

---

கொல்லைப்புறம் (கும்பகோணம்) | மார்ச் 10, காலை 6:55

பாமணிக்கரை, உங்கள் ஊரில் மாட்டுக்கொட்டகைக்குப் போடும் தடித்த ரப்பர் பாய் கிடைக்குமே, அதுதான் மருந்து. நான் வேகன்ஆருக்கு நாலு வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

பாயை ராம்புக்கு அடியில் மட்டும் போட்டால் பாதிப் பலன்தான். ராம்பின் நுனிக்கு முன்னாலும் இரண்டு அடியாவது நீட்டி விடுங்கள். வண்டி வரும்போது டயர் முதலில் பாயின் மேல் ஏறும். அப்போது வண்டியின் பாரமே பாயைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பாயின் மேல் உட்கார்ந்திருக்கும் ராம்ப் எங்கே ஓடும்? டைல்ஸையும் பாயின் இரண்டு பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். நடுவில் மணல் இருந்தால் பாயே உருளும்.

டயரையும் கழுவிக் காயவைத்துவிடுங்கள். வயல் வரப்பில் நிறுத்திவிட்டு வந்த வண்டியின் டயரில் களிமண் அப்பியிருக்கும். அதோடு பிளாஸ்டிக்கில் ஏறினால் சோப்பு மாதிரி வழுக்கும்.

தனியாக ஏற்றாதீர்கள். என் வீட்டில் மாமியார்தான் பார்ப்பார். பக்கவாட்டில், ஓட்டுநர் கதவுக்கு நேராக நாலடி தள்ளி நாற்காலி போட்டு உட்காருவார். முன்னால் நிற்கவே கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். டயர் நுனியைத் தொட்டதும் "ம்" என்பார், உச்சியில் உட்கார்ந்ததும் "போதும்" என்பார். அந்த இரண்டு வார்த்தை தவிர வேறு பேசக் கூடாது என்பது ஒப்பந்தம்.

---

பாமணிக்கரை | மார்ச் 10, காலை 7:30

அக்கா, எங்கள் கொட்டகையிலேயே அந்தப் பாய் இரண்டு இருக்கிறது! சனிக்கிழமை முயற்சி செய்கிறேன். பின் சக்கரத்துக்கு முட்டு என்ன வைப்பது? வீட்டில் அம்மிக்குழவி இருக்கிறது.

---

14-ம் நம்பர் ஸ்பேனர் | மார்ச் 10, காலை 7:50

உருண்டைக் குழவியை உருளும் சக்கரத்துக்கு முட்டு வைக்கப் போகிறீர்களா! அரைகிற அம்மியையாவது வையுங்கள். அதுவும் வேண்டாம், ஏற்கெனவே துளசி மாடம் போயாயிற்று.

செங்கல் நொறுங்கும். ஹாலோ பிளாக் சொல்லாமல் கொள்ளாமல் வெடித்து உடையும், அதை வண்டி சம்பந்தப்பட்ட எதற்கும் வைக்காதீர்கள். ஆப்பு வடிவத்தில் சீவிய கனமான மரக்கட்டை போதும். கஜா புயலில் சாய்ந்த வேம்பு எங்கேயாவது உங்கள் பக்கம் கட்டையாகக் கிடக்கும், மர அறுவையில் கொடுத்தால் நாலு துண்டு போட்டுத் தருவார்கள். பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. உங்கள் வாட்டம் தெருப் பக்கம் என்பதால் பின்பக்கக் கட்டைதான் முக்கியம், சுத்தியால் லேசாகத் தட்டி இறுக்கிவிடுங்கள்.

ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில் பிடிக்கிறது. முன் சக்கரம் ராம்பில், பின் சக்கரம் தரையில் என்றால் அது சரியான ஏற்பாடு. சிலர் பின்பக்கத்தைத் தூக்க ரிவர்ஸில் ஏற்றுகிறார்கள். அப்போது ஹேண்ட்பிரேக் பிடிக்கும் சக்கரம் ராம்பின் மேல் போய்விடும், தரையில் நிற்கும் முன் சக்கரத்தைப் பிடிக்க கியர் மட்டும்தான். அந்த வேலைக்குக் கட்டை இல்லாமல் கை வைக்கக் கூடாது. எப்படி ஏற்றினாலும் கடைசியில் முதல் கியரில் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படுப்பதற்கு முன் வண்டியின் பக்கவாட்டில் நின்று நன்றாக ஒரு குலுக்கு குலுக்கிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போது விழட்டும். அதன் பிறகும் இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட் (வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) ஒன்று துணைக்கு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள். ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல.

---

உப்புக்காற்று (நாகப்பட்டினம்) | மார்ச் 10, மதியம் 12:15

இரும்பா பிளாஸ்டிக்கா என்ற முதல் கேள்விக்கு யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டரில் வீடு. எனது இரும்பு ராம்ப் இரண்டே வருடத்தில் பற்றவைத்த இடங்களில் துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்தது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், குழாய்க்குள் அரித்திருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறினேன். கடலோரத்துக்கு அதுதான் சரி என்பது என் கட்சி.

ஆனால் பிளாஸ்டிக்குக்கு வெயில் எதிரி. ஒவ்வொரு முறையும் கவிழ்த்துப் போட்டு, அடியில் தேன்கூடு மாதிரி இருக்கும் குறுக்குச் சட்டங்களைப் பாருங்கள். ஸ்கேலை வளைத்தால் வளைந்த இடம் வெளுக்குமே, அதே மாதிரி வெளுத்த கோடு எங்காவது இருந்தால் அந்த இடம் அளவுக்கு மீறிய பாரம் வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, குப்பைக்கு. ஒட்டவோ ஆணி அடிக்கவோ கூடாது. எலி கடித்த தடமும் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்தால் வயல் எலி முழுக்க வீட்டுக்குத்தானே வருகிறது, என் ராம்பின் ஒரு மூலையைக் கொறித்து வைத்திருந்தது.

---

பொலீரோ பெரியப்பா | மார்ச் 10, மாலை 5:40

என் வீட்டில் டைல்ஸும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. களத்து மண்தான். அதில் வைக்கலாமா?

---

உப்புக்காற்று | மார்ச் 10, மாலை 6:20

கோடையில் வெடித்துக் கிடக்கும்போது கெட்டியாகத் தெரியும் ஐயா, ஆனால் டெல்டா களியை நம்ப முடியாது. அந்தத் தேன்கூட்டுச் சட்டங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் கெட்டித் தரையில் உட்கார்ந்தால்தான் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். மண்ணில் ஒரு பக்கம் இறங்கினால் ராம்ப் முறுக்கிக்கொள்ளும், வண்டியும் சாயும். ராம்பைவிட அரை அடி பெரிதாக, முக்கால் அங்குல பிளைவுட் ஒன்றை மட்டமாகப் போட்டு, அதன் மேல் ரப்பர், அதன் மேல் ராம்ப். மழை பெய்த வாரத்தில் அதுவும் வேண்டாம்.

---

முப்போகம் | மார்ச் 11, காலை 10:10

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். பட்டறையில் லிஃப்டில் தூக்கி அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இத்தனை கட்டை, பாய், மாமியார் எல்லாம் ஏற்பாடு பண்ணி என்ன மிச்சம்?

---

கொல்லைப்புறம் | மார்ச் 11, காலை 10:45

பணம் பெரிதாக மிச்சம் இல்லைதான். முன்பு ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) ஆயில் மாற்றினேன். வடிகால் போல்ட்டை மறை கழலும்வரை இறுக்கிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து வாசலில் சொட்டு விழுந்த பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து அந்த ஒரு வேலையை நானே செய்கிறேன். கியர்பாக்ஸ், பிரேக் எதையும் தொடமாட்டேன்.

ராம்பில் ஆயில் மாற்றுகிறவர்களுக்கு: மூக்கு தூக்கி நிற்கும்போது சில வண்டிகளில் பழைய ஆயில் முழுக்க வடியாது, போல்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். புது ஆயிலின் அளவை வண்டியைச் சமதரைக்கு இறக்கின பிறகுதான் குச்சியில் பார்க்க வேண்டும். ராம்பில் நிற்கும்போது பார்த்தால் பொய் சொல்லும்.

---

14-ம் நம்பர் ஸ்பேனர் | மார்ச் 11, காலை 11:20

பட்டறைக்காரன் என்ற முறையில் அக்காவின் புகாரைத் தலைகுனிந்து ஏற்கிறேன். கூட ஒன்று: வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், கரையான் வரக்கூடாது என்று வேலிக்காலில் பூசவும் வேண்டாம். கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள். எங்களிடம் சேர்த்து வாங்கிப்போக ஆள் வருகிறார்கள்.

பாமணிக்கரைக்கு ஒரு எச்சரிக்கை. ராம்பில் நிற்கும்போது முன் சக்கரம் சுற்றாது, அதனால் சுற்றியிருக்கும் கொடியைச் சுழற்றி எடுக்க முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். கூர்க்கத்தி வேண்டாம், நுனி மழுங்கின கத்தரிக்கோல் எடுத்துப் போங்கள். டிரைவ் ஷாஃப்ட்டின் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் இருக்கும், அதில் கத்தி படக் கூடாது. சக்கரத்துக்குப் போகும் மெல்லிய ஏபிஎஸ் (பிரேக் சென்சார்) வயரையும் கொடி என்று நினைத்து நறுக்கிவிடாதீர்கள். நறுக்கினவர்கள் உண்டு. எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரமாவது போன பிறகு படுங்கள், சைலன்சர் சுடும்.

---

பாமணிக்கரை | மார்ச் 14, மாலை 4:30

நடந்ததைச் சொல்கிறேன். காலையிலேயே டைல்ஸைத் துடைத்து, பாய் இரண்டையும் கழுவிக் காயவைத்தேன். பாயின் மேல் ராம்ப், நுனிக்கு முன்னால் இரண்டரை அடி நீட்டி. ஸ்டீயரிங்கை நேராக்கி, இரண்டு டயரும் ஒரே நேரத்தில் தொடும்படி நிறுத்தினேன். பக்கவாட்டில் தம்பி. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சிலேயே ஏற்றலாம் என்று பார்த்தேன், நுனியில் எஞ்சின் அணைந்துவிட்டது. இரண்டாவது தடவை மிக லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் ஏறியது. ராம்ப் அரை அங்குலம்கூட நகரவில்லை. உச்சியில் டயர் பள்ளத்தில் உட்கார்வது சீட்டிலேயே தெரிந்தது, பிரேக்கை மெதுவாகத்தான் அழுத்தினேன். ஹேண்ட்பிரேக், முதல் கியர், நாலு வேப்பங்கட்டை, இரண்டு ஸ்டாண்ட். நானும் தம்பியும் குலுக்கிப் பார்த்தோம்.

அடியில் ஒரு கூடை உளுந்துச் செடி! இடது டிரைவ் ஷாஃப்ட்டில் கயிறு திரித்த மாதிரி சுற்றியிருந்தது. சைலன்சர் பக்கம் இருந்தது கருகியே போயிருந்தது. எல்லாவற்றையும் நறுக்கி எடுத்துவிட்டேன். ஆனால் அந்த ரப்பர் பூட்டில் ஒரு இடத்தில் தண்டு குத்தி, சின்ன ஓட்டை வழியாகக் கறுப்பு கிரீஸ் கசிகிறது.

இறக்கும்போது பம்பரின் கீழ் ரப்பர் வலது ராம்பில் லேசாக உரசியது. மற்றபடி கட்டையை எடுத்ததும் ரிவர்ஸில் போட்டு மெதுவாக இறக்கிவிட்டேன்.

---

14-ம் நம்பர் ஸ்பேனர் | மார்ச் 14, மாலை 5:05

நல்ல வேலை தம்பி. அந்த ரப்பர் பூட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இப்போது அந்த ரப்பரும் கிரீஸும் மாற்றினால் முடிந்தது. மணல் உள்ளே போய்விட்டால் ரப்பருக்குள் இருக்கும் முழு ஜாயின்ட்டும் போகும், திருப்பத்தில் கடகடவென்று சத்தம் வர ஆரம்பித்துவிடும். அதை வீட்டில் செய்ய வேண்டாம், ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். பம்பர் உரசியதற்கு, அடுத்த தடவை ராம்பின் நுனிக்கு முன்னால் ஒன்றரை அங்குலப் பலகை ஒன்று போட்டுப் பாருங்கள், பாயின் மேலேயே.

---

பாமணிக்கரை | மார்ச் 14, மாலை 5:20

வியாழக்கிழமை பட்டறைக்கு விடுகிறேன் அண்ணா. துளசி மாடத்துக்குச் சிமெண்ட் பூசியாயிற்று, அம்மா பேச ஆரம்பித்துவிட்டார். முதல் கேள்வியே, மாட்டுக்குப் பாயைத் திருப்பிப் போட்டாயா என்பதுதான். இன்னும் இல்லை. இதோ போகிறேன்.